கூட வந்த பிள்ளை

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். இதைக் கேட்டு நீங்க சிரிப்பீங்க, சிரிச்சுக்கோங்க, நடந்தது எனக்கு.

ஏசி, குளிர்பெட்டி ரிப்பேர் பாக்குறது என் பொழப்பு. போடியில ஒரு ஏலக்கா குடோன்ல மெஷின் நின்னுபோச்சுன்னு எங்க மேனேஜர் கத்தி என்னை அனுப்பினாரு. அப்போ என் பொண்டாட்டிக்கு நிறைமாசம், இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. போய்ப் பாத்தா ஸ்பேர் பார்ட் வரலை, வேற ஆளை அனுப்பிக்கிறோம்னுட்டாங்க. ராத்திரி தேனியில சென்னை பஸ்ஸு, அதுவரைக்கும் பகல் பூரா சும்மா. லாட்ஜ்ல உக்காந்து என்ன பண்றது, கம்பம் ரோட்டு பஸ்ல ஏறி, திராட்சைத் தோட்டமா தெரிஞ்ச ஒரு ஊர்ல இறங்கிட்டேன். பேரு வேணாம்.

ஊர் எல்லையில ரோட்டுக்குக் குறுக்க வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தாங்க. அதுக்குக் கீழ நடந்து உள்ள போனேன், தனியாத்தான் போனேன், எங்க வேணா சத்தியம் பண்றேன்.

போனதுலேருந்து ஒரு முகம்கூட நல்லா இல்லை. டீக்கடையில ஒரு டீ கேட்டேன். கடைக்கார அம்மா டீயோட ஒரு சின்ன டம்ளர்ல பாலும் கொண்டாந்து ணங்குன்னு வச்சாங்க. பால் கேக்கலையேன்னேன்.

"பிள்ளைக்குக் குடுக்க மாட்டீயளோ? ஒத்தைச் செருப்போட வெயில்ல நடக்க விட்டுக் கூட்டிட்டு வாறீக, நல்ல அப்பன்தான்."

திரும்பிப் பாத்தேன், யாருமில்லை. வெளியூர்க்காரனைக் கிண்டல் பண்றாங்கன்னு எரிச்சலா வந்துச்சு, டீயை அப்படியே வச்சுட்டுக் கிளம்பிட்டேன். தெருவுல போறவங்க என் முகத்தைப் பாத்துட்டு அப்புறம் என் இடுப்பு உயரத்துக்குப் பாக்குறாங்க. ஒருத்தரு திருவிழாவுக்குச் சாமி சாட்டிட்டாகன்னு சொல்லி வெரட்டினாரு. சாயங்காலம் காப்புக் கட்டிட்டா, திருவிழா முடியிற வரைக்கும் உள்ள இருக்கிறவங்க வெளிய போய் ராத் தங்கக்கூடாதாம், அதுக்குள்ள போயிடணுமாம். எனக்குப் பக்குன்னுச்சு. அங்க மாட்டினா பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது.

வெயில் இறங்குறதுக்குள்ள தோரணத்துக்கிட்ட வந்தேன். நாலஞ்சு பேரு மறிச்சாங்க.

"ஏலே, பிள்ளைய எங்கன விட்ட?"

"எந்தப் பிள்ளை? நான் தனியாதான் வந்தேன்."

"வரும்போது கையப் பிடிச்சுக் கூட்டியாந்தியே, எங்க எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஒருத்தன் சட்டையைப் பிடிச்சுட்டான். கூட்டம் சேருது. பிள்ளை பிடிக்கிறவன்னு ஒரு குரல் வந்துச்சு. அந்த வார்த்தைக்கு ஊர் ஊரா ஆளை எப்படி அடிக்கிறாங்கன்னு போன்ல பாத்திருக்கேன். அப்போ அந்த டீக்கடை அம்மா பின்னாடியிருந்து கத்தினாங்க.

"விடுங்கப்பா, பிள்ளை அந்தா வேப்பமரத்தடியில நிக்குதுல்ல!"

எல்லாரும் திரும்பினாங்க. சட்டையைப் பிடிச்ச கை தளந்துச்சு. நானும் பாத்தேன், மரம்தான் இருந்துச்சு.

"பிள்ளைய விட்டுட்டு ஓடப் பாக்குறான். கூப்பிடுடா. கூட வந்தது கூடத்தான் போகணும்."

எனக்கு உயிரோட வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான். வெறும் காத்துக்குக் கையை நீட்டி, "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்"னேன். கூட்டம் வழி விட்டுச்சு, எனக்கு மட்டும் இல்லை, பக்கத்துல இன்னொரு ஆள் நடக்குற அளவுக்கு. "போ ஆத்தா"ன்னு ஒருத்தன் குனிஞ்சு சொன்னான். தோரணத்தைத் தாண்டினதும் ஓடினேன்.

விடியக்காலை தாம்பரத்துல இறங்கும்போது போன் வந்துச்சு, பொண்ணு பொறந்திருக்குன்னு.

இப்ப நல்லா ஓடி விளையாடுறா. வாயாடி. ஒரே ஒரு விஷயம், வெளிய கிளம்புறப்போ எப்பவும் ஒரு செருப்பைக் கழட்டி வாசல்லயே விட்டுருவா. நான் அந்தக் கதையைப் பத்தி வீட்ல மூச்சுவிட்டதில்லை. போன வாரம் கோபம் வந்து, இன்னொண்ணையும் போடுடின்னு கத்தினேன்.

நானும் என் பொண்டாட்டியும் செங்கல்பட்டுப் பக்கம், எங்க வீட்ல யாரும் தேனிப் பக்கத்துப் பேச்சு பேசமாட்டோம். பொண்ணு என்னை நிமிந்து பாத்து அமைதியா சொன்னா.

"மத்தது அங்கன கெடக்குப்பா. எடுக்க விடாம நீதான ஓட வச்ச."