எத்தெல்காவின் மூன்றாவது பீப்பாய்

ஒயினுக்குப் பேர்போன மாட் கிராமத்தில், பெண்பிள்ளை நிலவறைக்குள் இறங்கினால் ஒயின் புளித்துப்போகும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆம்பளைகள் இருக்கிறார்கள். அவர்கள் குடிக்கிற குடிக்கு ஒயின் புளிக்க ஏது நேரம்! எத்தெல்காவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு, மேலே அடுப்படியில் பன்றிக்கொழுப்பு போட்ட போகாச்சா ரொட்டி சுட்டாள். கீழே கணவன் யெனோ விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றி ருசி சொல்லிக்கொடுத்தான். போன வருஷம் ஆகஸ்டில் அவன் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்த கையோடு கொழுந்தன் அம்ப்ருஷ் வந்து நின்றான்.

"அண்ணி, நிலவறைச் சாவிய எங்கிட்ட குடுத்துடுங்க. உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை?"

"என் கழுத்துல அது ஒண்ணும் கனக்கல."

அவன் விட்டபாடில்லை. இந்த வசந்தத்தில் தெப்ரெட்சென் நகரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ஒயின் ருசிக்க வந்தபோதும் முன்னால் வந்து நின்றான்.

"சரி, நீங்களே ஊத்துங்க. விருந்தாளியில ஒருத்தர் முகம் சுளிச்சாலும் சாவி எனக்கு."

"எடுத்துக்குங்க. சுளிக்கலைன்னா இந்தப் பேச்ச இத்தோட விடணும்."

யெனோவின் கண்ணாடிக் குழாயைச் சுவரிலிருந்து எடுத்தாள். அம்ப்ருஷ் பதறிப்போனான். அது அந்த வீட்டு ஆண்களின் வாய் மட்டுமே பட்ட குழாய். அவள் அதைப் பீப்பாய்க்குள் விட்டு, ஒரு மூச்சு உறிஞ்சி, விரலால் குழாயின் மேல்முனையை அடைத்துத் தூக்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இது ஃபுர்மின்ட் திராட்சை ஒயின். மடக்குனு முழுங்காதீங்க, நாக்குல உருட்டுங்க. முதல்ல பச்சை ஆப்பிள் தெரியும். அப்புறம் இந்த மலையோட கல்லு."

விருந்தாளிகள் உருட்டினார்கள், தலையாட்டினார்கள். இரண்டாவது பீப்பாய்க்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவதில் அவள் கொழுந்தனுக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள்.

அம்ப்ருஷ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"இது எங்கண்ணன் கை! கேளுங்க எல்லாரும், பொம்பளை கை படாத ஒயின்னா இப்படித்தான் இருக்கும்."

எத்தெல்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கண்ணன நாம பொதைச்சது ஆகஸ்ட்ல. இந்தத் திராட்சையப் பறிச்சது அதுக்கப்புறம், அக்டோபர்ல. பிழிஞ்சது நான். பீப்பாய்ல ஏத்தினதும் நான். தினம் ராத்திரி இறங்கிப் பாத்துக்கிட்டதும் நான்தான்."

வேனில் வந்த ஒரு பெரியம்மா முதலில் சிரித்தாள். பிறகு நிலவறையே சிரித்தது. அம்ப்ருஷின் முகம் கோணிப்போனது.

"முகம் சுளிச்சது நீங்க ஒருத்தர்தான்," என்றாள் எத்தெல்கா. "நீங்க விருந்தாளியில்ல, கணக்குல வராது."

அவள் மறுபடி குழாயை நிரப்பினாள். அம்ப்ருஷ் தரையைப் பார்த்துக்கொண்டே காலி கிளாஸை நீட்டினான்.

"ஊத்தறேன்," என்றாள் அவள். "வரிசையில நில்லுங்க, கொழுந்தனாரே."