இரண்டு மடங்கு பிடித்த வலை

போன வாரம் பழவேற்காட்டில் ஒரு பல்கலைக்கழகச் சாதனை என் கண் முன்னாலேயே காணாமல் போனது. போனதில் எனக்கும் பங்குண்டு.

விஷயம் இதுதான். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று வருடாந்திர சாதனை மலர் போடுகிறது. ஐந்தாண்டு இலக்குகளில் எதை எட்டினோம், எதை நெருங்கினோம் என்று பளபளப்பான தாளில் விவரம். தமிழைத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு. ‘அடையப்பெற்றுள்ளது’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘கிடைத்தது’ என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு பக்கத்தில் பேனா நின்றது. ‘புதிய வலையால் ஏரி மீனவர்களுக்கு இரு மடங்கு இறால்.’ அடுத்த வருடம் எல்லாக் குப்பங்களுக்கும் இந்த வலையைக் கொண்டுபோகத் திட்டம். ஆராய்ச்சி செய்தவர் சுமதி. இதற்குத்தான் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்கப்போகிறது. இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு!

‘இரு மடங்கா, நிஜமாவா?’ என்று அவரிடமே போனில் கேட்டேன். “வாங்க சார், வலை கட்டுறவரையே காட்டுறேன்” என்றார். பொன்னேரியில் பஸ் மாறிப் போனோம்.

அந்த வலைக்காரர் எழுமலை, ஏரிக்கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சுமதியை அந்தக் குப்பமே ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறது.

“நாளைக்குக் காலையில மீனோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

“நாளிக்கி வேணாம் சார். எங்க பாடு இல்ல. நாளான்னிக்கி வாங்க.”

“பாடா?”

“முகத்துவாரத்தாண்ட நல்ல எடம் சார். ஒர்த்தனே கட்டினா மத்தவன் இன்னா பண்றது? அதான் முறை வெச்சிக்கினு கட்றோம். மூணு நாளிக்கி ஒருவாட்டி எங்க பாடு. மத்த நாள்ல ஏரிக்கு உள்ளாறதான். அங்க இன்னா கெடைக்கும்?”

சுமதி பையிலிருந்து நோட்டை எடுத்தார். “அண்ணா… நான் வந்த நாளெல்லாம்?”

“எல்லாம் எங்க பாட்டு நாளுதான். நான்தான தேதி சொல்லியனுப்புவேன்? அம்மாந்தூரத்துலேர்ந்து வர்றீங்க… வலை காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?”

உபசாரம்! ஒப்பிட்டுப் பார்த்த பழைய வலையோ, வேறு முறைக்காரருடையது. அந்த நாட்களில் அவர் உள் ஏரியில் கட்டியிருப்பார். ஆக, புது வலை எப்போதும் நல்ல இடத்தில். பழையது எப்போதும் மோசமான இடத்தில். இரண்டு மடங்கு பிடித்தது வலை இல்லை, இடம்.

“இதை ஏண்ணா மூணு வருஷமா சொல்லல?”

“பாடு தெரியாத ஆளு இருப்பாங்களாம்மா? இவ்ளோ படிச்சிக்கிறீங்க, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

சுமதி மணலில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “மலர் அச்சுக்குப் போற நேரம்மா… இது யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“இந்தக் குப்பத்துக்கே தெரியும் சார். இதை நம்பிப் பழைய வலையைத் தூக்கிப் போட்டவங்க அப்புறம் என்ன பண்ணுவாங்க?”

என் பேனாவை வாங்கி, நான் கொண்டுபோயிருந்த புரூஃபில் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தார். பட்டம் இன்னும் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். புரொபசர் என்ன சொல்வாரோ, வீட்டில் என்ன சொல்வார்களோ…

எழுமலை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தான் செய்த தப்பு என்ன என்று அவருக்கு முழுதாகப் புரிந்ததா, தெரியவில்லை. பிறகு கேட்டார்: “டீச்சரம்மா, எங்க பாட்டு நாள்ல பாதி எடத்துல பழைய வலையக் கட்றேன், பாதில புச்ச. ஒரு வருசம். அப்ப சரியா வருமா?”

புது வலை நிஜமாகவே நல்ல வலை என்றால், அந்தப் பாதி இடத்தில் நஷ்டம் அவருக்குத்தான். அது அவருக்குத் தெரியாதா என்ன? சுமதிக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து போன். “சார், ஒரு பக்கம் காலியாயிடுச்சு. என்ன போடலாம்?”

“இந்த வருஷம் எங்க தப்பு ஒண்ணை நாங்களே கண்டுபிடிச்சோம்னு போடுங்க” என்றேன்.

துணைவேந்தர் படத்தைப் போட்டுவிட்டார்கள்!