கம்பளிக் கூரை

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். வீடு என்றால் ஓர் அறை, பின்னால் தகரம் போட்ட ஓர் அடுப்படி, அவ்வளவுதான். அதே வரிசையில் நான்கு குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்.

என் கணவருக்குப் பேக்கரியில் வேலை. நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டதும் தோட்டம் வாடகையில்லாமல் தந்திருந்த லயத்துக் காம்பரா என்ற ஒற்றை அறையும் கையைவிட்டுப் போனது. மகனை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். இந்த வீடும் போனால் அவனையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று மறுபடி வேலை கேட்க வேண்டும்.

வாடகை என்று ஒன்றைக் கொடுத்துப் பழகாதவர்கள் நாங்கள். வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். சித்திரையில் ஐந்து ரூபாய் ஏற்றினார். தோட்டத்தில் மேனேஜர் துரை சொன்னால் சொன்னதுதானே, அந்தப் பழக்கத்தில் தலையாட்டிவிட்டுக் கொடுத்தோம். ஆனியில் வந்து இன்னும் பத்து என்றார். பேக்கரிச் சம்பளத்தில் பாதி இவருக்கே போனால் நாங்கள் எதைத் தின்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆட்களுக்கு இவ்வளவு வாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவருடைய ஆள் வந்து, எங்கள் அடுப்படித் தகரங்களை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். ரிப்பேராம்! ஹட்டனில் ஆனி மாத மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பு, விறகு, மாவு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டன. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்தான் தன் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்துச் சோறு பொங்கித் தந்தாள். வேறு இடம் பார்ப்போம் என்றார் கணவர். நான் அசைவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வந்த என் அக்கா இதைப் பார்த்தாள். உடனே தோட்டத்துக்குத் திரும்பிப் போனவள், சாயந்தரம் லயத்துப் பெண்கள் இரண்டு பேரோடு வந்து நின்றாள். மழையில் கொழுந்து எடுக்கும்போது தலையில் போட்டுக்கொள்வோமே, அந்தக் கறுப்புக் கம்பளிகள். ஒவ்வொரு வீட்டிலும் பழையதைக் கேட்டு வாங்கிக் கட்டாகக் கொண்டு வந்திருந்தார்கள். கம்பு நட்டு, இழுத்துக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தோம். ஒழுகத்தான் செய்தது. ஆனாலும் அடுப்பு பற்றிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் குடையோடு வந்தார். அவரைக் கண்டதும் அக்காவும் மற்ற இருவரும் தலையில் கிடந்த கம்பளியை இறக்கிவிட்டு, மழையில் ஒதுங்கி நின்றார்கள். தோட்டத்தில் துரை வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். உடம்பில் ஊறிப்போன பழக்கம். குடைக்குள் நிற்கிறவரையும், நனைகிற அக்காவின் நரைத்த தலையையும் பார்த்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கம்பளியப் போட்டுக்கக்கா," என்றேன். "இவருகிட்ட நாம வேலைக்குப் பேர் பதியல. வாடகைதான் குடுக்குறோம்."

அக்கா தயங்கினாள். பிறகு அவரைப் பார்த்துக்கொண்டே கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மற்ற இருவரும் போட்டுக்கொண்டார்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கண்டதையும் கட்டித் தொங்கவிட இதென்ன லயமா என்று கத்தினார்.

"லயமும் ஒழுகுங்க. ஆனா ஆளு உள்ள இருக்கையில எங்க தொரகூட கூரையப் பிரிச்சதில்லீங்க," என்றேன்.

இப்போது கொடுக்கிற வாடகைக்கு மேல் ஒரு சதம்கூடத் தரமாட்டேன், தகரம் வரும்வரை கம்பளியும் இறங்காது என்றும் சொல்லிவிட்டேன். சத்தம் கேட்டு வெளியே வந்த சிங்களப் பெண், தன்னிடம் கேட்டாலும் கூட்டித் தரப்போவதில்லை என்று சிங்களத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். மற்ற இரண்டு வாசல்களிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.

அந்த வாரமே தகரங்கள் திரும்பி வந்தன. மகன் படித்து முடிக்கும்வரை அங்கேதான் இருந்தோம். பிறகும் வாடகை ஏறியது, ஆனால் எங்களிடம் பேசிவிட்டுத்தான் ஏற்றினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை வீடுகளைப் பார்த்துவிட்டேன். எல்லா வீட்டிலும் வாடகையைச் சரியாகக் கொடுத்திருக்கிறேன், அதோடு சேர்த்துத் தலையையும் குனியச் சொன்ன எவருக்கும் அதை மட்டும் நான் கொடுத்ததே இல்லை.