இடக்கைத் துவக்கு

நரி என் கோழிகளில் பாதியைக் கொண்டுபோனபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். அதற்குப் பிறகு பசி வரும். மற்ற உணர்ச்சிகளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு பல வருடங்கள் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் ஷிப்ட் செய்தேன். இருட்டில் போய், ஜன்னல் இல்லாத கட்டடத்தில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, இருட்டில் திரும்பி வருகிற வேலை. ஒருநாள் போதும் என்று விட்டுவிட்டேன். லண்டன் முடிகிற இடத்தில் குத்தகைக்கு ஒரு துண்டுக் காணி எடுத்தேன். போஞ்சி, கீரை, பூசணி நட்டேன். கோழி வளர்த்தேன். எங்கள் ஆட்களின் கடைகளில் கோழி முட்டைக்கும் போஞ்சிக்கும் அடிபிடி. நான் லண்டனுக்கு வந்த பிறகு முதல்முறையாகப் பகலில் சூரியனைப் பார்த்தேன்.

பிறகு நரி வந்தது. நரிக்குப் பின்னால் மான் வந்தது. ஆட்டுக்குட்டி அளவில், முதுகு வளைந்து, திருட்டு முழி முழிக்கிற ஒரு வகை மான். நரி கோழியைத் தின்றது, மான் போஞ்சியைத் தின்றது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்ததுபோல இருந்தது.

என் கணவருக்கு அந்தக் காணி தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் சண்டை போடுகிறவர் இல்லை. அவருடைய வழி வேறு.

"இஞ்சை பாரும், மிச்சக் கோழியும் போச்சுதெண்டால் காணியைக் குடுத்துப்போட்டுப் பழையபடி எயாபோட்டுக்குப் போம்" என்றார். "மனேச்சர் இப்பவும் ஆள் தேடுறாராம்."

சொன்னதோடு விடவில்லை. என்னுடைய பழைய வேலைச் சட்டையைத் தேடி எடுத்துக் கழுவி, அயன் பண்ணி, அலுமாரிக் கதவின் வெளியே தொங்கவிட்டார். தன் சட்டையை ஒருநாளும் அயன் பண்ணியறியாத மனிதர். காலையில் கண் விழித்தால் அந்த நீலச் சட்டைதான் முதலில் தெரியும். காலர் விறைத்துக்கொண்டு நிற்கும்.

நரியைத் துரத்த என்னென்னவோ செய்து பார்த்தோம். கூட்டுக்குப் பக்கத்தில் தமிழ் ரேடியோவை இரவு முழுக்க ஓடவிட்டோம். நரி மரண அறிவித்தல்களைக் கேட்டுக்கொண்டே கோழியைத் தூக்கியது. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், கிங்ஸ்பரியில் ஒரு சலூனிலிருந்து பை நிறைய வெட்டிய தலைமயிர் கொண்டுவந்து வேலியைச் சுற்றித் தூவினார். மனித வாடைக்கு மிருகம் வராது என்றார். மான் அதன்மேல் படுத்துத் தூங்கியிருந்தது. என் கணவர் கறித்தூளைக் கொண்டுபோய்க் கூட்டைச் சுற்றிப் போட்டார். கோழிகள் அதில் குளித்தன. அன்றைக்கு நரி தூள் பிரட்டிய கோழியையே கொண்டுபோனது. உப்பு ஒன்றுதான் குறை.

அதற்குப் பிறகுதான் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்க முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்களிடம் துவக்கு என்ற சொல்லைச் சொன்னால் முதலில் குரல் தாழும். போருக்குத் தப்பி வந்தவர்கள் நாங்கள், காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. கோயிலில் ஒருத்தி என்னிடம் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். ஓம், நரிப் பிரச்சினை என்றேன். இந்த நாட்டில் காணி வைத்திருப்பவர் நரிக்கும் மானுக்கும் முறைப்படி அனுமதி எடுத்து ரைபிள் வைத்திருக்கலாம். எடுக்கிற பாடுதான் பெரிய பாடு. பொலிசிலிருந்து ஒருவர் வந்து காணியைப் பார்த்தார். குண்டு போய் அடங்குவதற்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்தார். வீட்டில் துவக்கைப் பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டியைப் பார்த்தார். அதன் திறப்பு, அதாவது சாவி, இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது சட்டம். அவர் என் கணவரிடம் திறப்பு எங்கே என்று கேட்டார். இவள் எனக்குச் சீனிப் போத்தல் இருக்கிற இடத்தையே சொல்வதில்லை என்றார் என் கணவர். அனுமதி கிடைத்துவிட்டது.

டூ ஃபோர் த்ரீ என்கிற குண்டு அளவுக்குத்தான் அனுமதி. நரிக்கு அளவுக்கு மீறாது, மானுக்குச் சட்டப்படி போதும். இனிப் போய் நல்ல பழைய துவக்கு ஒன்று பார்த்து வாங்க வேண்டியதுதான். நான் தனியாகப் போயிருப்பேன். என் கணவர் விடவில்லை.

எங்கள் ஆட்கள் பழைய கார் வாங்கத் தனியாகப் போவதில்லை. கார் விஷயம் விளங்கியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பொனற்றைத் திறந்து பார்த்து 'ம்ஹும்' என்பதும், டயரை உதைப்பதும், விலையைக் கேட்டவுடன் மாரடைப்பு வந்ததுபோல நெஞ்சைப் பிடிப்பதும் விளங்கியவரின் வேலை. துவக்கையும் அதே முறையில் வாங்கலாம் என்று என் கணவர் தீர்மானித்து அத்தானுக்குப் போன் எடுத்துவிட்டார்.

அத்தான் டென்மார்க்கில் இருந்து வந்தவர். அங்கே முதலாளியோடு வேட்டைக்குப் போனவர் என்று எல்லோருக்கும் சொல்வார். போனது உண்மைதான், சாப்பாட்டுப் பையைத் தூக்கத்தான் கூட்டிப்போனார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். லண்டனுக்கு வரும்போது அங்கிருந்து ஒரு வானையும் கொண்டுவந்தார். அதன் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த ஊரில் அதில் இருந்துகொண்டு முன்னால் போகிற லொறியை முந்த முடியாது, எதிரே வருவது தெரியாது. ஆகவே வலப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து, "இப்ப போங்கோ" என்று கத்த வேண்டும். கார் பார்க் டிக்கெட்டையும் அவர்தான் எடுக்க வேண்டும். விற்றுத் தொலையுங்கள் என்று குடும்பமே சொல்லிக் களைத்துவிட்டது. பழகினால் வரும் என்பார்.

அந்த வானில்தான் துவக்குக் கடைக்குப் போனோம். வழியெல்லாம் நான்தான் கத்தினேன். போய்ச் சேரும்போதே என் தொண்டை கட்டியிருந்தது.

கடைக்காரர் பெரிய உடம்பு வைத்த கிழவர். காலடியில் ஒரு நாய் தூங்கியது. அவர் என் கணவரைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். என் கணவர் என்னைக் காட்டினார். அவர் அத்தானைப் பார்த்தார். அத்தானும் என்னைக் காட்டினார். நான் அனுமதிப் பத்திரத்தை மேசையில் அடித்து வைத்தேன். நாய் எழும்பியது.

மூன்று நான்கு பழைய ரைபிள்களை எடுத்து வைத்தார். எல்லாம் ஒரு வெடிக்கு ஒருமுறை கைப்பிடியை இழுத்துத் தள்ளுகிற வகை. அத்தான் வேலையைத் தொடங்கினார். எத்தனை பேர் வைத்திருந்தார்கள், எத்தனை வெடி வைத்தது, எங்காவது விழுந்து அடிபட்டதா, ஈரத்தில் கிடந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்து 'ம்ஹும்' என்றார். என் கணவர் மரப்பிடியில் விரல் முட்டியால் தட்டி, பலாப்பழத்துக்குக் காது கொடுப்பதுபோலக் கேட்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். பழைய துவக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதானாம். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது.

பிறகு அத்தான் மூலையில் தனியாக நின்ற ஒன்றைக் கண்டார்.

"மச்சாள், இதைப் பாரும். குழல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. விலையும் மற்றதுகளின்ரை பாதி."

"அது இடக்கைக்காரருக்குச் செய்தது அத்தான். இழுக்கிற பிடி இடப்பக்கம் கிடக்கு. தெரியேல்லையே?"

"தெரியும். பழகினால் வரும். நான் வான் ஓடேல்லையே?"

"நீங்கள் வான் ஓடுறதுக்கு நான் கத்தவேண்டிக் கிடக்கு. நரியைச் சுடேக்கை ஆர் எனக்குப் பக்கத்திலை இருந்து கத்துறது?"

"நான் இருப்பன்" என்றார் என் கணவர். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

நான் தமிழில் இருவருக்கும் நல்ல ஏச்சுக் கொடுத்தேன். மலிவாகக் கிடந்தால் சவப்பெட்டியையும் வாங்கி வைப்பீர்களா என்று கேட்டேன். நாய் மேசைக்குக் கீழே போய்விட்டது. மற்றவற்றில் ஒன்றை எடுத்து, இதுதான் என்று சொல்லி, வலது தோளில் வைத்துச் சுவரைக் குறிபார்த்தேன்.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ ஏன் கழுத்தை அப்படி வளைக்கிறாய் என்று கேட்டார். எனக்கு அது புதிய கேள்வி இல்லை. சுடப் பழகப் போன கிளப்பிலும் கழுத்தை நிமிர்த்து என்றுதான் கத்தினார்கள். நிமிர்த்தினால் குறிக்கண்ணாடியில் அரைப் பிறை மாதிரி ஏதோ தெரியும், சுட்டால் அட்டையின் ஓரத்தில் படும். அவர்கள் நான் எந்தக் கையால் எழுதுகிறேன் என்று கேட்டார்கள். வலது கை என்றேன். அது பொய்யில்லை.

இந்தக் கிழவர் அதைக் கேட்கவில்லை. ஒரு காகத்துக்குக் கல்லெறிவதானால் எந்தக் கையால் எறிவாய் என்று கேட்டார்.

இடது கை என்று வாய் தானாகச் சொன்னது.

"ஓம், உண்மை" என்றார் என் கணவர். "வீட்டிலை இவ எறியிறதெல்லாம் இடப்பக்கத்திலை இருந்துதான் வாறது." நல்லகாலம், இதை அவர் பொலிஸ்காரர் வந்த அன்று சொல்லவில்லை.

கடைக்காரர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விடச் சொன்னார். அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வலது கண்ணை மூடச் சொன்னார். மணிக்கூடு அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடச் சொன்னார். மணிக்கூடு மறைந்து, பக்கத்தில் மாட்டியிருந்த பாடம்பண்ணிய மான் தலை ஒன்று என்னைப் பார்த்தது.

உன்னுடைய பார்க்கிற கண் இடது கண், நீ பிறவியிலேயே இடக்கைக்காரி என்றார்.

எனக்குத் தெரியாத விஷயமா அது. சின்ன வயதில் இடது கையால் பென்சிலைப் பிடித்தபோது ரீச்சர் கோடு போடுகிற அடிமட்டத்தால் விரல் மொளியில் போட்டார். சோற்றில் இடது கை பட்டால் வீட்டில் அடி. யாருக்கும் எதையும் இடது கையால் நீட்டக் கூடாது. அப்படித்தான் எங்களில் இடக்கைக்காரர் எல்லோரும் வலக்கைக்காரர் ஆகிறோம். மற்றவர்கள் பார்க்கிற வேலைக்கெல்லாம் வலது கை பழகியது. தேங்காய் துருவ, மீன் வெட்ட, ஆணி அடிக்க, எறிய இடது கைதான். கண்ணை மட்டும் அடிமட்டத்தால் அடிக்க மறந்துவிட்டார்கள்.

மூலையில் நின்ற அந்தச் சனியனை எடுத்து இடது தோளில் வைத்தேன். கழுத்து தானாக நிமிர்ந்தது. குறிக்கண்ணாடியில் முதல்முறையாக முழு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் மான் தலையின் கண்ணாடிக் கண் தெளிவாகத் தெரிந்தது. பிடியை இழுத்துத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரிப் போய்வந்தது.

பழகினால் வரும் என்று அத்தான் சொல்லியிருந்தால் துவக்கைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். அந்தத் துடைப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.

பேரம் நடந்தது. விலையைக் கேட்டு அத்தான் நெஞ்சைப் பிடித்தார். கடைக்காரர் உண்மையாகவே பயந்து நாற்காலி கொண்டுவந்தார். கார் விற்பவர் பெற்றோல் நிரப்பித் தருவதுபோலத் துவக்குக்குக் குண்டு நிரப்பித் தர வேண்டாமா என்று அத்தான் கேட்டார். அப்போதுதான் அந்தக் கிழவர் சிரித்தார். குண்டு தரவில்லை. தோளில் போடுகிற வாரும், குழல் துடைக்கிற கம்பியும், ஒரு போத்தல் எண்ணெயும் சும்மா தந்தார்.

திரும்பும்போது லூயிஷாம் கோயிலுக்குப் போய்விட்டுப் போவோமா என்று அத்தான் மெல்லக் கேட்டார். எந்த வண்டி வாங்கினாலும் அங்கே கொண்டுபோய் டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஒரு அர்ச்சனை செய்வது எங்கள் ஆட்களின் வழக்கம்.

"துவக்கோடை கோயில் வாசலிலை போய் நிண்டால் முழு லண்டன் பொலிசும் தேசிக்காய் கொண்டுவரும். பேசாமல் வீட்டை விடுங்கோ" என்றேன்.

வீட்டுக்கு விட்டார். என் கணவர் மட்டும் இரும்புப் பெட்டிக் கதவில் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் ஒரு தேசிக்காயும் வைத்தார். அதை நான்தான் மிதித்துச் சறுக்கினேன்.

கிளப்புக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். வைத்த வெடியெல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. அந்த வாரமே ஒரு பின்னேரம், காணியில் அரிசிச் சாக்கை விரித்துப் படுத்துக் காத்திருந்தேன். என் கணவர் அத்தானிடம் இரவல் வாங்கிய வானிலேயே இருக்கிறேன் என்றார், இரத்தம் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். வெளிச்சம் குறைகிற நேரம் நரி வந்தது. ஒளித்து வரவில்லை. வாடிக்கைக் கடைக்கு வருகிற மாதிரி நடந்து வந்து, மண்மேட்டுக்கு முன்னால் நின்று, கோழிக்கூட்டைப் பார்த்துச் சோம்பல் முறித்தது. ஒரு வெடி. அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே விழுந்தது. வானுக்குள் இருந்து என் கணவர் "இப்ப போங்கோ" என்று கத்தினார். பயத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து கத்துகிற கத்தல் வாயில் வந்துவிட்டது.

அடுத்த கிழமை போஞ்சிப் பாத்தியில் மானும் விழுந்தது. அக்கா அதைக் கறியாக்கினாள். அத்தான் வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் டென்மார்க் கதையில் தொடங்கி, என் துவக்கைத் தான் தெரிவு செய்த கதையில் முடித்தார். எல்லாம் உண்மை என்பதால் நான் எலும்பைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

கோழிகள் இருக்கின்றன. குஞ்சும் பொரித்துவிட்டன. காணியைக் கொடுக்கிற கதையை என் கணவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஆனால் அந்த நீலச் சட்டை அலுமாரிக் கதவில் தொங்கிக்கொண்டே இருந்தது.

துவக்குக் குழலைத் துடைக்க நல்ல பருத்தித் துணி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டியது, வேண்டும். கடையில் விற்கிறார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்து, அந்தச் சட்டையைக் காலரிலிருந்து வெட்டத் தொடங்கினேன். என் கணவர் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"பிறகு தேவைப்பட்டால்?" என்று கேட்டார்.

"அயன் பண்ணின துணி நல்லாத் துடைக்குது" என்றேன், இடது கையால் வெட்டிக்கொண்டே.