வலது காது பெரியப்பாவுக்கு

காலையில் வேலைக்கு வந்ததும் அக்கா தோளிலிருந்து கைப்பையைக்கூடக் கழற்ற மாட்டார். நேராக மேசைக்கு அடியில் கையை விட்டு, கணினிப் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால், முந்தின நாள் அவர் போன பிறகு யாரோ அதில் உட்கார்ந்துவிட்டு அணைக்காமல் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். "யாருப்பா என் எடத்துல சீட்டு விளையாடினது?" என்று அறைக்குப் பொதுவாக ஒரு கேள்வி விழும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்து சமாளித்தும் பிரயோஜனம் இல்லை. நாற்காலி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

ஒரு பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அவரைவிட மூத்த பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் 'ரிப்போர்ட் அக்கா'. பத்தொன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். "கண்ணு போச்சு, காய்ச்சலும்தான் போச்சு. விடுங்க, வேலையைப் பாருங்க" என்பார்.

வேலை இதுதான். டாக்டர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே, கண்டதை ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லி வைப்பார்கள். ஒருவர் மென்று விழுங்குவார். ஒருவர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசுவார். இன்னொருவர் நடுவில் யாரிடமோ டீ கேட்பார். அதையெல்லாம் கேட்டு, சலித்து, அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அக்காவின் பாடு. காலுக்குக் கீழே ஒரு மிதி இருக்கும். மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். அந்தக் குரல் இடது காதில். வலது காது பெரியப்பாவுக்கு.

பெரியப்பா என்பது திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கணினிக் குரல். கரகரத்த ஆண் குரல், ஏற்ற இறக்கம் என்று மருந்துக்கும் கிடையாது. "எங்க பெரியப்பாவேதான். கல்யாணப் பத்திரிகையும் சாவுச் சேதியும் அவருக்கு ஒண்ணு, ஒரே மாதிரிதான் படிப்பார்" என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டார். பதினான்கு வருஷமாக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றியதில், வேறு யார் அந்தக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாலும் வண்டு பறப்பதுதான் கேட்கும். அக்காவுக்கோ முற்றுப்புள்ளி விட்டுப்போனதுகூடத் தெரியும். பேருந்துப் பணிமனையில் டயர் பார்க்கும் அவருடைய கணவர், சாயங்காலம் அழைத்துப்போக வரும்போது, "இன்னிக்கு உங்க பெரியப்பா என்ன சொன்னார்?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். "உங்களை மாதிரி இல்ல, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார்" என்று பதில் வரும்.

அவரிடம் அறிக்கை போனால் தப்பு தங்காது என்று ஒரு பேச்சு உண்டு. ஒருமுறை பெரிய டாக்டர் மேலே இடது சிறுநீரகம் என்றும் கீழே முடிவில் வலது என்றும் சொல்லி வைத்திருந்தார். அக்கா அனுப்ப மறுத்துவிட்டார். நான் சொன்னதை அடித்தால் போதும் என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். "அடிக்கறேன் டாக்டர். எந்த சிறுநீரகத்தை எடுக்கப் போறீங்கன்னு சொன்னீங்கன்னா அதையே அடிக்கறேன்" என்றார் அக்கா. டாக்டர் எழுந்துபோய்ப் படத்தை மறுபடி பார்த்தார். திரும்பி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "இடதுதானே?" என்று கேட்டுவிட்டு அக்கா தட்டச்சைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு முடிவு ஒரு சுற்றறிக்கையாக வந்தது. பழைய கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த இயங்குதளத்தை அதைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. இனிமேல் அதில் கோளாறு கண்டுபிடித்தாலும் சரிசெய்து அனுப்ப மாட்டார்கள். எல்லாப் பெட்டிகளையும் மாற்றிவிட்டார்கள், அக்காவுடையதைத் தவிர. அதற்குக் காரணம் பெரியப்பா. அந்தக் குரலைச் செய்தவர்கள் என்றைக்கோ கடையை மூடிவிட்டார்கள். புதிய இயங்குதளத்தில் அவர் பேச மாட்டார்.

இந்தச் சேதியைச் சொல்ல வந்தவர் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். நாற்பதை நெருங்குகிறவர், கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு ஒயரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அக்காவுக்கு 'ஒயர் தம்பி'. மனசு கேட்காமல் அரை மணி நேரம் சுற்றி வளைத்தார். இது ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லாத வீடு, உள்ளே எவனாவது புகுந்தால் இதன் வழியாக ஆஸ்பத்திரி முழுக்கப் போய்விடுவான் என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வாசலையே அடைச்சிடு தம்பி. வாசலே இல்லாத வீட்டுக்குள்ள எவன் வருவான்?" என்றார்.

ஒயர் தம்பிக்கு அது பிடித்துப்போயிற்று. வலையமைப்புக் கம்பியைப் பெட்டியின் முதுகிலிருந்து பிடுங்கிவிட்டார். உள்ளதையெல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைத்தார். காலையில் டாக்டர்களின் பதிவுகளைத் தாமே கொண்டுவந்து ஏற்றுவார். மதியமும் சாயங்காலமும் வந்து முடித்த அறிக்கைகளை எடுத்துப்போய், சோதித்து, அனுப்புவார். ஐந்து மாதம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடிற்று. அக்கா தினமும் பெட்டியின் தலையைத் தொட்டுப் பார்த்ததோடு, முதுகில் அந்த வெற்றுத் துளையையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆறாவது மாதம் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். கம்பி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவர்கள் படிவத்தில் இல்லை. ஆதரவு முடிந்த இயங்குதளம் கட்டடத்துக்குள் எங்காவது இருக்கிறதா, ஆமா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. ஒயர் தம்பி வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலை போய்விடுமா என்று கணவர் கேட்டதற்கு, அதெல்லாம் போகாது என்றுதான் அக்கா சொன்னார். பயம் வேறு மாதிரி இருந்தது. வேலை போகாது, செய்ய வேலை இல்லாமல் போய்விடும். சம்பளம் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள், வருகிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

புதுப் பெட்டியில் ஒரு பெண் குரல். தேனொழுகப் பேசிற்று. அக்காவுக்கு அதைக் கேட்டாலே ஆகவில்லை. "இது என்ன, கட்டி வீக்கம்னு படிக்கும்போதுகூடச் சிரிக்குது" என்றார். அதன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினாலும் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நாளைக்கு அறுபது அறிக்கை முடித்தவர் பதினைந்தில் வந்து நின்றார். பரவாயில்லை அக்கா, மெதுவாகச் செய்யுங்கள் என்றார் பெரிய டாக்டர். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் மெதுவாகச் செய்யச் சொன்னதில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பழைய பெட்டியில், அக்காவின் இடது சுண்டுவிரலும் வலது சுண்டுவிரலும் ஒன்றாக அழுத்துகிற இரண்டு விசைகள் உண்டு. அழுத்தினால் பெரியப்பா அந்தப் பத்தியை முதலிலிருந்து படிப்பார். புது மென்பொருளில் அதே இரண்டு விசைகளுக்கு 'அறிக்கை முடிந்தது, வார்டுக்கு அனுப்பு' என்று அர்த்தம். ஒயர் தம்பி முதல் நாளே இதைச் சொல்லி எச்சரித்திருந்தார். அந்த இணைப்பை நீக்கச் சொல்லி மென்பொருள்காரர்களுக்குக் கடிதமும் எழுதியிருந்தார், பதில் வரவில்லை. அக்காவும் மறக்கவில்லை. மனசுக்குத் தெரிந்திருந்தது. விரலுக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. நெஞ்சு ஸ்கேன் ஒன்று. எதுவும் பெரிதாக இல்லை என்று பாதிவரை சொல்லிக்கொண்டே வந்த டாக்டர், கீழ்ப்பகுதிக்கு வரும் முன் தொண்டையைக் கனைத்தார். அந்த இடைவெளியில், எழுதியவரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பதினான்கு வருஷப் பழக்கத்தில் இரண்டு சுண்டுவிரல்களும் தாமாக அழுந்தின. வலது காதில் அந்தப் பெண் குரல் என்னவோ நாலு வார்த்தை சொன்னது. படிக்க ஆரம்பித்துத் திணறுகிறது என்று நினைத்து அக்கா மிதியை மிதித்தார். டாக்டர் தொடர்ந்தார். கீழே ஒரு நிழல் இருக்கிறது, நோயாளியை அனுப்ப வேண்டாம், இன்றே ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா ஒரு வார்த்தை விடாமல் அடித்து, முறைப்படி அனுப்பினார்.

வார்டில் நர்ஸ் முதலில் வந்த பாதி அறிக்கையை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார். இரண்டாவதாக ஒன்று வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பதினொரு மணிக்கு, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அந்த ஆளை அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது அறிக்கை கண்ணில் பட்டது பதினொன்றரைக்கு. காவலாளி ஓடிப்போய்ப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக் கூட்டிவந்தார்.

ஸ்கேன் பிரிவின் வாசல் வழியாகத்தான் அவரை நடத்திக்கொண்டு போனார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை சரசரத்தது. கூட அவர் மனைவி இருந்திருக்க வேண்டும், வேறு ஒரு செருப்புச் சத்தமும் வந்தது. அந்த மனிதர் கோபப்படவில்லை. யாரிடம் என்று இல்லாமல் கேட்டுக்கொண்டே போனார்.

"வீட்டுக்குப் போலாம்னாங்களே. பொண்ணுக்குக்கூடப் போன் பண்ணிச் சொல்லிட்டனே."

அக்காவின் கால் மிதியிலிருந்து விலகிற்று. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒயர் தம்பி வந்து, தப்பு உங்களுடையது இல்லை, மென்பொருளுடையது, நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். நர்ஸ் வந்து தான்தான் பார்க்காமல் விட்டதாக அழுதார். பெரிய டாக்டர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல்தான் அக்காவுக்குத் தாங்கவில்லை. சிறுநீரகம் மாறிச் சொன்ன அன்றைக்கு அக்கா அந்த டாக்டரைத் தட்டிக்கொடுக்கவா செய்தார்?

மூன்று மணிக்கு அக்கா சுவரைத் தொட்டுக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வேற யாராவது இப்படி அனுப்பியிருந்தா அவங்களை அந்த நாற்காலியில விடுவீங்களா டாக்டர்? நானே விட்டிருக்க மாட்டேன். என்னை எடுத்துடுங்க."

டாக்டர் பழகப் பழகச் சரியாகிவிடும், இன்னும் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னென்னவோ சொன்னார். பழகுகிறவரைக்கும் எத்தனை பேரைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டு வருவீர்கள் என்று அக்கா கேட்டார்.

இப்போது அக்கா முன்கூடத்தில், விசாரணை மேசையில் இருக்கிறார். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு, எந்த மாடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஒரு நாளைக்கு முப்பது போன் வந்தால் அதிகம். வருகிறவர்கள் வழி கேட்டுவிட்டு, நாலடி தள்ளிப்போய் உச்சுக்கொட்டுகிறார்கள். அக்கா ஒன்றும் சொல்வதில்லை. கணவரும் சாயங்காலம் வந்து, "கிளம்பலாமா?" என்று மட்டும் கேட்கிறார்.

மேசையில் தட்டச்சுப் பலகை இல்லை, கணினி இல்லை. ஆனால் அவர் வலது காதில், பெரியப்பாவைக் கேட்ட அந்தப் பழைய காதுக்கருவி இருக்கிறது. அதன் ஒயர் தோள் வழியாக இறங்கி, மடியிலிருக்கும் கைப்பைக்குள் போகிறது. கைப்பை மூடியிருக்கிறது.

நேற்று மருந்துச் சீட்டோடு ஒரு பெரியவர் மேசையின் வலது பக்கமாக வந்து நின்று, குனிந்து, எக்ஸ்ரே எந்தப் பக்கம் என்று அந்தக் காதருகில் கேட்டார். அக்கா, காதில் தளர்ந்திருந்த அதை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திவிட்டு, இடது பக்கமாக வந்து கேட்கும்படி விரலால் காட்டினார்.