அந்தப் படத்தில் ஒரு அட்டைகூட இல்லை

1944-இல், பர்மாவில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, சின்னமனூர் டூரிங் கொட்டகையில் நடந்தது இது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் ஒரு போர்ப் படத்தை இலவசமாகக் காட்டினார்கள். இலவசம் என்றால் விடுவோமா? ஊரே திரண்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. பர்மா காட்டிலிருந்து திரும்பியவர் அவர். சேற்றில் நடந்து நடந்து, அட்டை கடித்த புண் அழுகி, வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகும் என் தம்பிக்குப் பட்டாளத்து ஆசை. மச்சானுக்கு நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்பான். அன்றைக்கே பேர் கொடுத்துவிடுவது என்று முன்னால் போய் உட்கார்ந்திருந்தான். அவனுக்காகவே நானும் போனேன்.

படத்தில் அடைமழை, அடர்ந்த காடு. கதாநாயகன் விடியவிடியப் புதருக்குள் கிடக்கிறான். எழுந்தால் உடுப்பில் ஒரு கசங்கல் இல்லை. பாட்டு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் கூடலூருக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜனங்கள். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசாமல் மலையேற மாட்டோம்.

ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். அந்த நேரம் பார்த்து ஆள் சேர்க்கும் அதிகாரி எழுந்து, பட்டாளத்து வாழ்க்கையைப் பார்த்தீர்களா, யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். தம்பி எழுந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து நானும் எழுந்துவிட்டேன்.

"அம்புட்டு மழையில படுத்துக் கெடந்தவன் கால்ல ஒரு அட்டையக் காணமே, எங்கன போச்சு?"

கொட்டகையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே, அதையெல்லாம் படத்தில் காட்ட முடியாதம்மா என்றார்.

"காட்ட முடியாத எடத்துக்கு எந்தம்பிய எதுக்குக் கூப்பிடுறீக?"

சிரிப்பு நின்றது. அவர் மிஷின்காரரைப் பார்த்துக் கையசைத்தார், விளக்கு அணைந்தது. தம்பி உட்கார்ந்துவிட்டான். அவன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று வெகுநாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், உயிரோடு இருந்தான்.

படம் முடிந்ததும் அவன் கூட்டாளிகள் இருவர் பேர் கொடுத்தார்கள். இருவருமே திரும்பி வரவில்லை. அவர்களைப் பெற்ற தாய்மார் அன்று என் பக்கத்தில்தான் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியைக் காப்பாற்றிவிட்டாய் என்று ஊரில் என்னை மெச்சுவார்கள். அந்தத் தாய்மாரும் ஒரு வார்த்தை கேட்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.