மாப்பிள்ளை வைத்த சாப்பாடு

ஆபீசில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘மோப்பம்’. முப்பத்தோரு வருஷம் திருட்டு மின்சாரம் பிடிக்கிற வேலை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மீட்டரைப் பார்க்க மாட்டார்; கதவைத் திறந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஓய்வுபெற்ற மூன்றாம் வருஷம் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். மனைவியும் போய்விட்டதால் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், காலை ஏழுக்கே கிளம்பிவிடுவாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் மாப்பிள்ளைதான் சமையல். ஒரு காலத்தில் பெண் கேட்டு வந்த அந்த மாப்பிள்ளையை இவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். கல்யாணத்துக்கும் போகவில்லை. அதைப் பற்றி மாப்பிள்ளை ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அதுதான் இவருக்கு உறுத்தல். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் ஒருத்தன் இருப்பானா?

ஒரு மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது தரையில் கிடந்தார். மாப்பிள்ளை அவருடைய கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“ஒண்ணுமில்ல மாமா. கொஞ்ச நேரம் அப்படியே படுங்க.”

மாமனார் விழுந்து கிடக்கும்போது இவ்வளவு நிதானமா என்று பட்டது அவருக்கு.

அப்புறம் கவனிக்க ஆரம்பித்தார். காலையில் ரெண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் தலை சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் சமைத்தாள். சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப்போனார், தலை சுற்றவே இல்லை. அது ஒன்று போதாதா? சோற்றை முகர்ந்து பார்த்தார், வாசனையே தெரியவில்லை. மலம் கழித்து அஞ்சு நாளாகிறது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் சட்டை வேர்வையில் நனைகிறது. மாப்பிள்ளை சாப்பாட்டில் எதையோ கலக்கிறான் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் மாப்பிள்ளை தண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம் தட்டுகளை மாற்றி வைத்தார். கை நடுங்கியதில் குழம்பு மேசையில் சிந்தியது. திரும்பி வந்த மாப்பிள்ளை ஈரத் துணியால் மேசையைத் துடைத்துவிட்டு, முன்னால் இருந்த தட்டை எடுத்துச் சாப்பிட்டார். சாயங்காலம் வரை அவர் பாட்டுக்கு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறியது இவர்தான். அப்படியென்றால் தண்ணீரில்தான் இருக்கிறது.

புதன்கிழமை மாப்பிள்ளை போனில் மகளிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது காதில் விழுந்தது. “மாமாகிட்ட இப்போ சொல்ல வேணாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு.”

மகளும் கூட்டா? அன்று பூராவும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். பல நாள் கழித்துப் பயமில்லாமல் ஒரு பிடி பிடித்தார். எழுந்து நாலு அடி வைத்தார். பிடிமானத்துக்குப் பற்றிய நாற்காலியோடு சேர்ந்து விழுந்தார்.

கடைக்காரர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். அந்த நிலையிலும் இவருக்குத் தோன்றியது, மாப்பிள்ளை இங்கேயும் சொல்லி வைத்திருப்பானோ என்றுதான். முன்பின் தெரியாத கடைக்காரருக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபோது, தன் சந்தேகம் எங்கே வந்து நிற்கிறது என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். முன்கூட்டியே சொன்னால் வர மாட்டார் என்றுதான் மறைத்திருந்தார்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எப்போது தலை சுற்றியது என்று மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கட்டிவந்த சாப்பாட்டை அங்கேயே சாப்பிட வைத்தார் டாக்டர்.

“படுத்திருக்கும்போது பிரஷர் நூத்தி நாப்பது. சாப்பிட்டு எழுந்தா எண்பத்தஞ்சு. சாப்பிட்டதும் ரத்தம் வயித்துப் பக்கம் போகும். எல்லாருக்கும்தான். அப்போ நரம்புங்க ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சு பிரஷரைத் தாங்கணும். உங்களுக்கு அந்த நரம்புகளையும் இந்த வியாதி தொட்டிருக்கு. மலச்சிக்கல் இருக்கா? கண்டபடி வேர்க்குதா?”

தலையாட்டினார். கொஞ்சம் தயங்கி, “சாப்பாட்டுல வாசனையும் தெரியல,” என்றார்.

“அதுவும் இதே வியாதிதான்.”

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

“மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும்.”

“தட்டை மாத்தினதா? தெரியும் மாமா.”

“தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?”

“அதுல ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியுமே.” ஊசியில் நூல் கோத்துவிட்டுச் சொன்னார்: “ஆனா அன்னிக்கு ஒரு வாய் கூட ஒழுங்கா இறங்கல.”



மாப்பிள்ளைக்கு மனசு ஆற இரண்டு வாரம் ஆனது. டாக்டர் சொன்னபடி ஒரு நாள் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்து, முதலில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்து, பேசாமல் போய்விடுவார். சாப்பிட்டதும் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். தலைச்சுற்றல் குறைந்தது, அடியோடு போகவில்லை.

பிறகு ஒரு மதியம் அந்த முக்கால் மணி நேரம் முடிந்தும் மாமனார் எழுந்திருக்காமல் இருந்தார்.

“மாப்பிள்ளை, எழுந்திரிக்கப் போறேன். கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?”

மெஷின் நின்றது. மாப்பிள்ளை வந்து கையை நீட்டினார்.